அலமாரிக்கு என்ன மரம் போடலாம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னால் பேசினவங்க குழு வளர்ந்த கதையைச் சொன்னாங்க. 1989-ல் தருமபுரியில் தொடங்கின மகளிர் குழு இன்னைக்கு ஊர் ஊரா இருக்கிறதைக் கேக்கும்போது பெருமையாத்தான் இருக்கு. ஆனா என்னைக் கூப்பிட்டது பலகையைப் பத்திப் பேச. நான் ஆசாரி வீட்டுல வாழ்க்கைப்பட்டவ. மாமனாரும் வீட்டுக்காரரும் உளி பிடிக்க, நான் பதினஞ்சு வருஷமா அதே பட்டறையில கணக்கு எழுதுறேன், உப்புத்தாள் போடுறேன், பாலிஷ் அடிக்கிறேன், மரவாடிக்குப் போய்க் கட்டை பார்த்து எடுக்கிறேன். ஆரம்பத்துல மரவாடிக்காரர் என்னைப் பார்த்ததும் "அண்ணன் வரலையா?"ன்னு கேப்பார். இப்போ கேக்கிறதில்லை.

இந்த வருஷம் இதைப் பேச வேண்டிய அவசியம் இருக்கு. நம்ம கடன் மனுக்களைப் பார்த்தீங்கன்னா, அரசு வீட்டுத் திட்டத்துல வீடு கட்டி முடிச்சவங்க நிறையப் பேர் அடுத்ததா அலமாரி வேலைக்குத்தான் மனு போடுறாங்க. சமையலறைக்குக் கதவு, துணி வைக்க அலமாரி, பிள்ளைங்க புத்தகத்துக்கு ஒண்ணு. இன்னொண்ணு, நம்ம கூட்டமைப்புக் கட்டடத்துக்கே பதிவேடு வைக்க ஆறு அலமாரி செய்யணும். அதுக்கு விலைப்புள்ளி வந்திருக்கு. இன்னைக்கு மத்தியானம் தீர்மானம். அந்தத் தீர்மானத்துல, கட்டடத்துக்குப் பின்னால நிக்கிற வாகை மரத்தை வெட்டி அந்தப் பலகையிலேயே செஞ்சிடலாம்னு ஒரு யோசனையும் இருக்கு. அதைப் பத்திக் கடைசியில சொல்றேன். இப்பவே ஒண்ணு சொல்லிடறேன், இந்த வேலைக்கு எங்க பட்டறை விலைப்புள்ளி கொடுக்கல, கொடுக்கவும் மாட்டோம். அதனால நான் சொல்றதை வியாபாரப் பேச்சா எடுத்துக்காதீங்க.

முதல்ல கடனோட ஆரம்பிக்கிறேன். நம்ம தங்கச்சி ஒருத்தி, பேரு வேண்டாம், 45,000 ரூபாய் கடன் வாங்கி 24 மாசத் தவணையில அலமாரி போட்டா. டவுன்ல ஒரு கடையில ரெடிமேடா வந்துச்சு, வெள்ளை வெளேர்னு, பார்க்க அழகு. பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சில்லுகளையும் பசை போட்டு அழுத்தின பலகை அது. ஐப்பசி மழையில பின்சுவர் ஓதம் காத்தது. பலகையோட அடிப்பக்கம் ஊறின ரஸ்க்கு மாதிரி ஊதிப்போச்சு. கீல் ஆணி பிடிமானம் விட்டு கதவு தொங்கிடுச்சு. திரும்ப முடுக்கினா தூளாக் கொட்டுது. 14 தவணை கட்டியிருந்தா, இன்னும் 10 பாக்கி. அலமாரி குப்பைக்குப் போயிடுச்சு, தவணை போகல. மாசாமாசம் கூட்டத்துல அவ அந்தப் பணத்தை எண்ணி வைக்கும்போது எனக்கு வயிறு எரியும்.

மரத்தூளைக் குப்பையாப் போடாம பலகையாக்குறது நல்ல விஷயம்தானே, மரம் வெட்டுறது குறையுமேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா ரெண்டு வருஷத்துல தூக்கிப் போடுற அலமாரியும், நாப்பது வருஷம் நிக்கிற அலமாரியும் ஒண்ணு இல்லை. நம்ம ஓட்டு வீடு, தாழ்வாரம், ஓதச்சுவர், ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு அந்தப் பலகை தாங்காது. ஏசி போட்ட ஆபீஸ்ல தாங்கும். பழசானா அதை வேற எதுக்கும் திருப்பிப் பயன்படுத்த முடியாது. நாட்டு மரத்துல செஞ்ச பழைய கதவுன்னா அறுத்து முக்காலி செய்யலாம், கோழிக்கூடு செய்யலாம், கடைசியில அடுப்புக்குப் போகும்.

அடுப்புன்னு சொன்னதும் ஒரு விஷயம். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இதுங்களோட துண்டு துக்கடாவை எரிக்காதீங்க. எங்க பட்டறை வாசல்ல சாயங்காலம் பிள்ளைங்க வந்து "அத்தை, சில்லு இருக்கா, வெந்நீர் அடுப்புக்கு"ன்னு கேக்கும். நாட்டு மரச் சில்லு, சீவல் மட்டும்தான் கொடுப்பேன். பசை போட்ட பலகை எரிஞ்சா அந்தப் புகை நம்ம மூக்குக்கும் பிள்ளைங்க நெஞ்சுக்கும்தான் வரும்.

அந்தப் பசையை விளக்கமாச் சொல்றேன், ஏன்னா கடைக்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க. புது அலமாரிக் கதவைத் திறந்தா ஒரு நெடி அடிச்சு கண்ணு எரியுதா? அது ஃபார்மால்டிஹைடு. யூரியா ஃபார்மால்டிஹைடு பசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா மாசக்கணக்குல வெளியேறிக்கிட்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் இதை மனுஷருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு வகைப்படுத்திடுச்சு. பயமுறுத்தச் சொல்லல. நாள் முழுக்க அதையே சுவாசிக்கிற தொழிலாளிக்கு ஆபத்து அதிகம். வீட்டுக்குள்ள நாம செய்யக் கூடியது சுலபம். வாங்கும்போது இ-1 இல்லன்னா இ-0ன்னு பலகையில போட்டிருக்கான்னு பாருங்க. அந்த எண் குறையக் குறைய நெடி குறைவு. அறுத்த ஓரம் எல்லாத்தையும் பட்டி ஒட்டி மூடச் சொல்லுங்க. ஆசாரிங்க கண்ணுக்குத் தெரியுற ஓரத்துக்கு மட்டும் ஒட்டிட்டு, உள்பக்கம், பின்பக்கம் விட்டுடுவாங்க. நெடி வர்றதும் தண்ணி ஏறுறதும் அந்த வழியாத்தான். புது அலமாரியை ரெண்டு மூணு வாரம் கதவைத் திறந்து காத்தாட விடுங்க. பிரசவமான பொண்ணு வந்திருக்கிற வீட்டுல, தூளி கட்டின அறையில புது பிளைவுட் வேலை வைக்காதீங்க. மூணு மாசம் தள்ளிப் போட்டா ஒண்ணும் குடி முழுகிடாது.

சரி, பிளைவுட்டே வேண்டாமான்னா, அப்படியும் சொல்ல மாட்டேன். நல்ல பிளைவுட் நல்ல பொருள். மெல்லிசா உரிச்ச மரத்தாளை ஒண்ணுக்கு ஒண்ணு குறுக்கா அடுக்கி ஒட்டுறதால, ஒரே மரத்துல நிறையப் பலகை கிடைக்குது. நீங்க கேக்க வேண்டியது, எந்த மரம், எந்தப் பசை.

பசையைப் பொறுத்தவரை கடையில எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., பி.டபிள்யூ.பி.ன்னு சொல்வாங்க. எம்.ஆர். ஈரக்காத்து தாங்கும், தண்ணி தாங்காது. படுக்கை அறை அலமாரிக்குப் போதும், அதுவும் சுவர் காய்ஞ்சிருந்தா. பி.டபிள்யூ.ஆர். கொதிதண்ணிக்கு ஓரளவு தாங்கும். பி.டபிள்யூ.பி.யைத்தான் மரைன்னு சொல்றாங்க, ஐ.எஸ். 710 முத்திரை. அதுக்கு 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டுச் சோதனை. சமையலறைக்கு, தொட்டிக்குக் கீழே, அதுதான் சரி. இதுல போடுறது ஃபீனால் பசை, பலகை ஓரத்துல கறுப்பா, கருஞ்சிவப்பாக் கோடு தெரியும். நெடி விடுறதும் இதுல ரொம்பக் குறைவு. அதாவது விலை கூடின பலகை தண்ணிக்கும் நல்லது, மூச்சுக்கும் நல்லது. முத்திரை எல்லாம் அச்சடிச்சு ஒட்டிடலாம், அதை மட்டும் நம்பாதீங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்கும், பி.ஐ.எஸ். கேர்னு போன்ல ஒரு செயலி இருக்கு, அதுல அந்த எண்ணைப் போட்டா உண்மையான்னு தெரிஞ்சிடும். நம்ம கணக்காளர் தங்கச்சிகளுக்கு இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை.

இன்னொரு சோதனை நாங்க பட்டறையில செய்யறது. கடைக்காரர்கிட்ட உள்ளங்கை அளவு துண்டு ஒண்ணு கேட்டு வாங்கி வந்து, பழைய பானையில போட்டு வாசல்ல, காத்தோட்டமா மூணு கல் அடுப்பு கூட்டிக் கொதிக்க விடுங்க. எம்.ஆர். பலகையை மரைன்னு சொல்லிக் கொடுத்திருந்தா, ரெண்டு மூணு மணி நேரத்துல ஏடு ஏடாப் பிரிஞ்சிடும். இட்லிப் பானையை எடுத்துடாதீங்க, அப்புறம் அந்தப் பானை உதவாது.

மரம் எதுங்கிறதுதான் பெரிய விஷயம். 1996-ல் கோதவர்மன் வழக்குல உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுறதுக்குக் கடுமையான தடை போட்டுச்சு. அதுக்குப் பிறகு நம்ம நாட்டு பிளைவுட் கம்பெனிங்க காட்டை விட்டுட்டு வயல் மரத்துக்கு மாறினாங்க. ஹரியானாவுல யமுனாநகர்ப் பக்கம் விவசாயிங்க வளர்க்கிற பாப்லர், கேரளாவுல பெரும்பாவூர்ல பால் வத்தின ரப்பர் மரம், நம்ம பக்கம் தைலமரம், சவுக்கு, இப்போ மலைவேம்பு. ரப்பர் மரம் பால் நின்ன பிறகு எப்படியும் வெட்டி மறுநடவு செய்யுற மரம், அதுல பலகை செய்யுறது வீணாகாத வழி. மலைவேம்பும் நல்லது, ஆறேழு வருஷத்துல உரிக்கிற பருவத்துக்கு வரும், பட்டா நிலத்துல வளருது, பணம் விவசாயிக்குப் போகுது.

தைலமரத்தைப் பத்தி நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல நான் புதுசாச் சொல்ல ஒண்ணுமில்லை. காட்டுக்குள்ள மைல் கணக்கா தைலமரம் போட்டு, மழைத்தண்ணி கண்மாய்க்கு வராம அங்கங்க வரப்பு கட்டினதை நாம எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். சீக்கிரம் வளர்ற மரம்னாலே சுற்றுச்சூழலுக்கு நல்ல மரம்னு ஒரு பேச்சு இருக்கு. எனக்கு அதுல முழு சம்மதம் இல்லை. ரெண்டு மழை பெய்யுற ஊர்ல வளர்க்கிறதும், நம்ம செம்மண் மேட்டுல வளர்க்கிறதும் ஒண்ணாகாது. அதனால கடையில கேக்கும்போது ரப்பர் கட்டை, மலைவேம்பு இருக்கான்னு முதல்ல கேளுங்க. தைலமர உள்தாள் கொஞ்சம் சிவப்பா, கனமா இருக்கும். பாப்லர் வெளுப்பா, லேசா இருக்கும். ஓரத்தைப் பார்த்தாலே பழகினவங்களுக்குத் தெரியும்.

கடையில இன்னொரு வார்த்தை பெருமையாச் சொல்வாங்க, "கர்ஜன் ஃபேஸ் மேடம்"னு. மேல்தாள் சிவப்பா, வழவழன்னு இருக்கும். கர்ஜன்ங்கிறது பர்மா, அந்தமான் பக்கத்துப் பெருங்காட்டு மரம், தோப்பு போட்டு வளர்த்தது இல்லை. அந்த இன மரங்கள் பலது அழியுற நிலையில இருக்கு. நாம அதுக்கு மேல மைக்கா ஒட்டப் போறோம். மைக்காவுக்குக் கீழே என்ன நிறம் இருந்தா யாருக்குத் தெரியும்? அதுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறது, பட்டுப்புடவையை உள்பாவாடையாக் கட்டுற மாதிரி.

பர்மாத் தேக்கும் அதே கதைதான். செட்டிநாட்டுப் பெரிய வீட்டுத் தூணைப் பார்த்துட்டு நமக்கும் ஆசை வரும். 2021 பிப்ரவரியில அங்க ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச பிறகு, அந்த நாட்டு அரசு மரக் கழகத்துக்கு அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் அதே வருஷம் தடை போட்டாங்க. ஏன்னா மரம் வித்த காசு துப்பாக்கிக்குப் போகுது. ஈட்டி மரத்துக்கு நம்ம மாநிலத்துல 1994-லேயே தனிச்சட்டம் போட்டாங்க. யாராவது சல்லிசா ஈட்டிப் பலகை இருக்குன்னு சொன்னா, அந்தப் பக்கமே போகாதீங்க. நாட்டுத் தேக்கு, வாய்க்கால் கரையிலயும் வரப்புலயும் வளர்ந்தது, அது தாராளமா வாங்கலாம். ஆனா இளந்தேக்குல வைரம் கொஞ்சம், வெள்ளை நிறைய. வெள்ளைப் பகுதியைக் கறையான் விடாது. தேக்குன்னு பேரைக் கேட்டே வாங்காதீங்க, அறுத்த முகத்தைப் பாருங்க.

பர்மாத் தேக்குதான் வேணும்னு ஒரே பிடிவாதமா இருந்தா காரைக்குடிக்குப் போங்க. முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய வீடு பிரிச்ச கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாம் விக்கிறாங்க. அந்த மரம் வெட்டி நூறு வருஷம் ஆச்சு, இனி அது வளையாது, முறுக்காது. புது மரம் ஒண்ணும் சாகல. சிற்ப வேலை செஞ்ச கதவை எல்லாம் வெளியூர்க்காரங்க பெரிய விலைக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. நமக்கு வேண்டியது உடைஞ்ச சட்டம், துண்டு உத்திரம். எங்க மாமனார் அதைத்தான் பொறுக்கி எடுப்பார். ஆணி இருக்கான்னு காந்தம் வச்சுப் பார்த்துதான் ரம்பத்துக்கு விடணும், இல்லன்னா பல்லு போயிடும். தூத்துக்குடித் துறைமுகத்துல இறங்குற பெட்டிக் கட்டை, பைன் மரம், அதுவும் பழைய இரும்புக்கடையில கிடைக்கும். அதுல ஒரு முத்திரை சுட்டு வச்சிருப்பாங்க. எச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டிப் பூச்சி போக்கினது, எடுக்கலாம். எம்.பி.ன்னு இருந்தா விஷப்புகை போட்டது, வீட்டுக்குள்ள வேண்டாம்.

இப்போ நம்ம மரத்துக்கு வர்றேன். 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் அடிச்சதை இங்க யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் நம்ம ஜனங்க பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த தென்னையும் பலாவும் ஒரே ராத்திரியில சாஞ்சுது. வெட்டி அப்புறப்படுத்தவே கூலி கொடுக்க வேண்டியிருந்துச்சு. கொழுத்த பலாக்கட்டை எல்லாம் விறகு விலைக்கு லாரி லாரியாப் போச்சு. எங்க மாமனார் அப்போ கையில காசு இல்லாம, நம்ம குழுவுல நான் வாங்கின கடனை வச்சு, பதினோரு பலா மரம் எடுத்தார். வீட்டுல எல்லாரும் திட்டினோம், கரண்டே இல்லை, அரிசிக்கு வழியில்லை, இவர் கட்டை வாங்குறாரேன்னு. அவர் கேக்கல. மில்லுல கொடுத்து அறுத்து, பலகைக்குப் பலகை நடுவுல குச்சி வச்சு, கீத்துக் கொட்டகையில நிழல்ல அடுக்கினார். ரெண்டு வருஷம் தொடக்கூட விடல.

பலா மாதிரி அலமாரி மரம் நம்ம மண்ணுல வேற இல்லைன்னு நான் சொல்வேன். தஞ்சாவூர் வீணை செய்யுறது பலாக்கட்டையிலதான். அறுத்தப்போ மஞ்சளா இருக்கும், வருஷம் ஆக ஆகத் தேன் நிறமாகி, அப்புறம் தேக்குக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது. வைரத்தைக் கறையான் சுலபத்துல தொடாது. அந்தப் பதினோரு மரத்துல செஞ்ச கதவு இன்னைக்கு இந்த ஊராட்சியில ஒன்பது வீட்டுல இருக்கு. விறகாப் போயிருக்க வேண்டியது.

மத்த மரங்களைச் சுருக்கமாச் சொல்லிடறேன். வேம்பு, புத்தகத்துக்கும் துணிக்கும் நல்லது, பூச்சி அண்டாது, ஆனா அவசரப்பட்டா வெடிக்கும், நல்லாக் காயணும். பூவரசு ரொம்ப நல்ல மரம், அகலப் பலகை கிடைக்காது, சட்டத்துக்குப் போடலாம். மா மலிவு, ஆனா சும்மா போட்டா உளுத்து மாவு கொட்டும். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணியில ஊறப் போட்டுக் காய வச்சா நிக்கும். ரப்பர் கட்டைக்கும் அந்த மருந்துதான். அந்தக் காலத்துல கட்டையைக் கண்மாய்ச் சேத்துல மாசக்கணக்கா அமுக்கி வச்சதும் இதுக்குத்தான், மரத்துக்குள்ள இருக்கிற மாவுச்சத்து கரைஞ்சு போனா வண்டுக்குத் தீனி இல்லை. தென்னை அடிமரம் உத்திரத்துக்கு ஆகும், அலமாரிக்கு ஆகாது, உள்ளே பஞ்சு. சீமைக் கருவேலம் கோணல் மாணலா இருக்கும், நீளப் பலகை வராது. ஆனா இரும்பு மாதிரிக் கெட்டி. எங்க வீட்டுக்காரர் கைப்பிடி, அலமாரிக் கால், ஆப்பு எல்லாம் இப்போ அதுலதான் கடையறார். நம்ம கண்மாயைக் கெடுக்கிற மரம் ஒண்ணு குறைஞ்ச மாதிரியும் ஆச்சு. நீலகிரியில கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் உண்ணிச்செடிக் குச்சியில நிஜ யானை அளவுக்கு யானை செஞ்சு உலகம் பூரா அனுப்பியிருக்காங்க. வேண்டாத செடியில இவ்வளவு முடியும்னா, நாம கைப்பிடியாவது செய்யலாம்.

பிளாஸ்டிக் பலகை பத்திக் கேக்கிறாங்க, பி.வி.சி., டபிள்யூ.பி.சி.ன்னு. தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது, கறையான் வராது, நிஜம்தான். குளியலறைக் கதவுக்குப் போடுங்க. சமையலறையில அடுப்புப் பக்கம் வேண்டாம், தீ பிடிச்சா அந்தப் புகை விஷம். மரம் வெட்டாத பலகைன்னு விளம்பரம் பண்ணி விக்கிறதைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

மரத்தைக் காப்பாத்தணும், காசையும் காப்பாத்தணும்னா, மரத்தைக் குறைச்சுப் போடுறதுதான் முதல் வழி. நம்ம ஊர்லயே அதுக்கு வழி இருக்கு, கடப்பாக்கல். சமையல் மேடைக்குக் கீழே 10 அடி நீளம், இரண்டரை அடி உயரம், 2 அடி ஆழம்னு வச்சுக்குங்க. முழுசும் பலகையில செஞ்சா, நிக்கிற தடுப்பு அஞ்சுக்கு 25 சதுர அடி, அடிப்பலகை 20, நடுத்தட்டு 20, கதவு 25. மொத்தம் 90 சதுர அடி. ஒரு பிளைவுட் தாள் எட்டுக்கு நாலு, 32 சதுர அடி. மூணு தாள் ஆச்சு, பின்பலகை தனி. அதையே தடுப்பும் தட்டும் கடப்பாக்கல்லுல வச்சுட்டு கதவு மட்டும் மரத்துல போட்டா 25 சதுர அடி, ஒரே தாள், மிச்சமும் இருக்கும். கல்லு ஊறாது, உளுக்காது, பசை நெடி இல்லை, எண்ணெய்ச் சட்டியைச் சூடா வைக்கலாம். கதவு கெட்டா கதவை மட்டும் மாத்திக்கலாம். அந்த ஒரு தாளை மரைனாவே வாங்குங்க, இல்லன்னா பலாச் சட்டம் போட்டுக் கழுந்து அடிச்சுச் செய்யச் சொல்லுங்க, கடன் தொகை பாதியாக் குறையும். கடன் குழுவுல இருக்கிற அக்காமார்கிட்ட ஒரு வேண்டுகோள். அலமாரிக் கடன் மனு வந்தா, தொகை எவ்வளவுன்னு கேக்கிறதோட, பலகை என்னன்னும் ஒரு வரி எழுதி வாங்குங்க.

வேலை பாக்கிறவங்க உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம குழுக்கள்ல ஏழு பேர் உப்புத்தாள் போடுற வேலைக்கும் பாலிஷ் வேலைக்கும் போறாங்க. மரத்தூளும் புற்றுநோய் உண்டாக்குற பொருள் வரிசையில இருக்கு, இது நாட்டு மரத்தூளுக்கும் சேர்த்துத்தான். வாகைத்தூள் இருக்கே, அது மூக்குல ஏறினா நாள் பூராத் தும்மல் நிக்காது. முந்தானையை மூக்குல சுத்திக்கிறது போதாது. நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுக்கச் சொல்லி முதலாளிகிட்ட நாமதான் கேக்கணும். தனித்தனியாக் கேட்டா "நாளைக்கு வராதே"ன்னு சொல்லிடுவாங்க. கூட்டமைப்புக் கடிதமாப் போனா அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஏழு பேர்ல ரெண்டு பேருக்கு இப்பவே இளைப்பு. ஒருத்திக்கு வயசு 26.

பாலிஷுக்கு நாங்க உள்பக்கம் எல்லாம் அரக்குப் பாலிஷ்தான் அடிக்கிறோம். அரக்கு பூச்சி கொடுக்கிறது, சாராயத்துல கரைச்சது, காய்ஞ்சதும் நெடி போயிடும். தண்ணி படுற வெளிப்பக்கத்துக்கு அது தாங்காது, அதுக்கு மட்டும் வேற. சுவரை ஒட்டுற பின்பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் ஒரு பூச்சு. நம்ம மாவட்டத்துல முந்திரிக்கா பஞ்சம்? கையில படாமப் பூசணும், புண்ணாக்கிடும்.

இப்போ வாகை மரம். அந்த மரத்தை வெட்டினா அலமாரிக்குக் காசு மிச்சம்னு சொல்ற அக்கா நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, கூட்டமைப்புப் பணத்தை மிச்சம் பிடிக்கணும்னு. வாகை அலமாரிக்கு நல்ல மரம்தான், மறுக்கல. ஆனா அந்த இடம் பொறம்போக்கு. அங்க மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழு அனுமதி வேணும். அனுமதி வந்தாலும் கட்டை நமக்கு வராது, அரசாங்க ஏலத்துக்குப் போகும். நமக்கே கிடைச்சாலும் பச்சை மரம், ஒரு அங்குலப் பலகை நிழல்ல காய ஒரு வருஷம் ஆகும். பச்சையா அடிச்சா அடுத்த கோடையில கதவு மூடாது. நமக்குப் பதிவேடு வைக்க அலமாரி இந்தத் தையிலயே வேணும். அப்புறம், இன்னைக்கு இந்தப் பந்தல் போடக் காசு மிச்சமாச்சுன்னு பொருளாளர் சொன்னாங்களே, பாதிப் பேர் அந்த மரத்து நிழல்லதான் உக்காந்திருக்கோம். திங்கட்கிழமைக் கூட்டம் எல்லாம் இனிமே எங்க நடத்துறது?

அதனால என் யோசனை இது. ஆறு அலமாரியும் சுவர்லயே, கடப்பாக்கல் தட்டு. கதவு மட்டும் பலா இல்லன்னா காரைக்குடிப் பழைய தேக்கு. பதிவேடு வைக்கிற தட்டுல வேப்பம்பலகை ஒண்ணு விரிச்சுட்டா கல்லோட குளிர்ச்சி காகிதத்துக்கு ஏறாது. விலைப்புள்ளி கொடுத்த மூணு பேர்கிட்டயும் இந்த முறைக்குத் திரும்பக் கேளுங்க. ஓரம் மூடறது, கீல், பூச்சு எல்லாம் தனித்தனி வரியா எழுதச் சொல்லுங்க. மொத்தமா ஒரு தொகை போட்டுக் கொடுத்தா ஒத்துக்காதீங்க. தீர்மானம் வாசிக்கும்போது வாகை மரத்து வரியைத் தனியா வாசிச்சு, தனியாக் கை தூக்கச் சொல்லணும்னு தலைவி அக்காவைக் கேட்டுக்கறேன்.

பலகை பார்த்துத் தெரிஞ்சுக்க விரும்புறவங்க ஞாயித்துக்கிழமை காலையில பட்டறைக்கு வாங்க, எல்லா மரத்துலயும் ஒரு துண்டு வச்சிருக்கேன், மோந்து பார்த்தே சொல்லக் கத்துக்கலாம். உங்க சுவர் அளவை டேப் வச்சு அடி, அங்குலத்துல எழுதி எடுத்துட்டு வாங்க. முழம் போட்டு அளந்துட்டு வராதீங்க, உங்க முழம் வேற, எங்க ஆசாரி முழம் வேற.